ஒரே கலத்தில் இரு பயணிகள்

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் வாக்கு. விஞ்ஞானத்திற்கும் படைத்துறைக்கும் உள்ள உறவை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழியே நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் விஞ்ஞானி படைத்துறையின் தோளில் ஏறிச் செல்கிறான். மற்றொரு காலத்தில் படைத்துறை விஞ்ஞானியின் நிழலில் ஒதுங்கி நிற்கிறது. யார் யாரைச் சுமக்கிறார் என்று சொல்வது சில வேளைகளில் அரிதாகிவிடுகிறது. அத்தகைய வரலாறு ஒன்றையே இன்று நான் சொல்லப்போகிறேன். 19 கிலோகிராம் எடையே உள்ள ஒரு சிறு துணைக்கோளை அமெரிக்கக் கடற்படையினர் எவ்வாறு திட்டமிட்டனர்? அதில் ஒரு விஞ்ஞானச் சோதனைக்கு எவ்வாறு இடம் கிடைத்தது? அந்த இடத்திற்கு விஞ்ஞானம் கொடுத்த விலை என்ன? இவையே என் பேச்சின் பொருள்.

சிற்றலை வானொலி கேட்டுப் பழகியவர்கள் ஓர் அனுபவத்தை அறிவார்கள். பட்டப்பகலில், வானத்தில் மேகமோ இடியோ இல்லாத வேளையில், தொலைநாட்டு நிலையம் ஒன்று தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும். திடீரென அதன் குரல் தேய்ந்து, சில நிமிடங்களில் அடியோடு மறைந்துவிடும். நானும் பெட்டியைத் தட்டிப் பார்த்ததுண்டு. ஏரியல் கம்பியை இடம் மாற்றிக் கட்டிப் பார்த்ததுண்டு. அரைமணியோ ஒருமணியோ கழிந்த பின் அந்தக் குரல் தானே திரும்பிவரும். பெட்டியின்மேல் குற்றம் இல்லை, குற்றமெல்லாம் சூரியன்மேல்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரையில், சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலங்கள் இருக்கின்றன. அவற்றை அயனமண்டலம் என்பர். சிற்றலைகள் மேற்படலங்களில் பட்டுத் திரும்புவதனாலேயே கடல் கடந்து நம் செவிக்கு எட்டுகின்றன. ஆனால் சூரியனின் முகத்தில் பெருஞ்சுடர் ஒன்று வெடித்தெழும்போது, பகலாயிருக்கும் பாதி உலகத்தில் அயனமண்டலத்தின் அடிப்படலம் திடீரென வலுத்து, மேலே செல்லும் அலைகளை விழுங்கிவிடுகிறது. வணிகக் கப்பலுக்கு இது தொல்லை; போர்க்கப்பலுக்கு இது ஆபத்து. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை என்றால், அது பகைவன் செய்த தடையா, பகலவன் செய்த தடையா என்று அறிய வேண்டாவா? ஆகையால் சூரியனை ஆராய்வதையும் கடற்படை தன் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதிற்று.

வாஷிங்டன் நகரில், பொடோமாக் ஆற்றங்கரையில், 1923-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஓர் ஆராய்ச்சிசாலையை நிறுவிற்று. ஹெர்பர்ட் ஃபிரீட்மன் என்னும் பௌதிக அறிஞர் அங்கே பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகள் அமெரிக்காவின் கையில் இருந்தன. லண்டன் நகரத்தை இடித்த அதே கருவியின் தலையில், வெடிமருந்துக்குப் பதிலாகக் கதிர்களை எண்ணும் கருவிகளை ஃபிரீட்மன் வைத்தார். 1949-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் அனுப்பிய கருவிகள், சூரியனிலிருந்து எக்ஸ்-கதிர்கள் வருகின்றன என்பதை நேரே உறுதிசெய்தன. ஓடம் வண்டியில் ஏறிய முதற்காட்சி என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ராக்கெட்டுப் பயணம் சில நிமிடங்களில் முடிந்துபோகிறது. மேலே சென்ற கருவி காற்றுமண்டலத்திற்கு அப்பால் ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் நின்று பார்க்கும், பிறகு விழுந்துவிடும். சூரியச் சுடரோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1956-ஆம் ஆண்டில் ஃபிரீட்மன் குழுவினர் பசிபிக் கடலில் கப்பலிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவற்றில் ராக்கெட்டுகளைத் தொங்கவிட்டு, சுடர் எழும் கணத்திற்காகக் காத்திருந்தார்கள். வானொலியை மயங்கச் செய்வது எக்ஸ்-கதிரா, அல்லது நீரகவாயு உமிழும் 'லைமன்-ஆல்ஃபா' என்னும் புறஊதாக் கதிரா என்பதே வழக்கு. ராக்கெட்டுகள் எக்ஸ்-கதிரையே சுட்டிக் காட்டின. ஆயினும் சில நிமிடச் சாட்சியம் தீர்ப்புக்குப் போதுமா? நாள்தோறும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்று வேண்டியிருந்தது. துணைக்கோள் ஒன்றே அத்தகைய கண் ஆகக்கூடும்.

1959-ஆம் ஆண்டில் வான்கார்டு 3, எக்ஸ்புளோரர் 7 என்னும் இரு துணைக்கோள்களில் இவர்களுடைய கருவிகள் ஏறிச் சென்றன. பயன் கிட்டவில்லை. பூமியைச் சூழ்ந்துள்ள கதிரியக்க வளையங்களை அறிஞர் வான் ஆலன் அதற்கு முந்திய ஆண்டிலேதான் கண்டுபிடித்திருந்தார். அந்த வளையங்களில் திரியும் எலெக்ட்ரான்கள் கருவிகளுள் புகுந்து, சூரியனின் சிறு குரலை மூழ்கடித்துவிட்டன. அடுத்த முறை கருவியின் வாயிலில் நிலைக்காந்தங்களை வைத்து எலெக்ட்ரான்களை விலக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வழி தெரிந்துவிட்டது, ஏறிச்செல்ல வாகனம் கிடைக்கவேண்டியதுதான் மிச்சம்.

இனி அதே ஆராய்ச்சிசாலையின் மற்றோர் அறைக்குச் செல்வோம். அங்கே ஹோவர்டு லோரன்ஸன் என்பவரின் தலைமையில் ஒரு பிரிவு இயங்கிற்று. பகைவருடைய ரேடார் அலைகளை ஒட்டுக்கேட்பதும், அவற்றை ஏமாற்றும் வழி காண்பதும் அப்பிரிவின் பணி. அந்நாளில் அமெரிக்கரைக் கவலைக்குள்ளாக்கிய செய்தி ஒன்று உண்டு. சோவியத் நாட்டின் உட்பகுதியில் எத்தனை ரேடார்கள் உள்ளன, அவை எங்கே இருக்கின்றன, எத்தகையவை என்பது அவர்களுக்குத் தெரியாது. ரேடார் அலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டையானது. ஆகவே எல்லையோரமாகப் பறக்கும் விமானம் எல்லையோரத்து ரேடார்களை மட்டுமே கேட்கும். உள்நாட்டின் ரேடார்கள் தொடுவானத்திற்கு அப்பால் ஒளிந்துகொள்ளும். கேட்க வேண்டுமானால் மிக உயரத்திற்குச் செல்ல வேண்டும்.

இப்பிரிவில் ரீட் மேயோ என்னும் பொறியியலார் ஒருவர் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பில், அதாவது நீருக்கு மேலே நீளும் பார்வைக் குழாயில், ரேடாரை உணரும் சிறு ஆன்டெனாவைப் பொருத்தும் வேலையில் அவர் ஈடுபட்டிருந்தவர். 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் குடும்பத்தோடு பயணம் செய்தபோது, பென்சில்வேனியா மாநிலத்தில் கடும் பனிப்புயல் வழிமறித்தது. சாலையோர உணவுவிடுதி ஒன்றில் தங்க நேர்ந்தது. மனைவியும் மக்களும் உறங்கிவிட்டனர். மேயோ, உணவுத் தட்டின் அடியில் விரித்திருந்த காகிதத்தைத் திருப்பி அதன் பின்புறத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். பெரிஸ்கோப்பை நீருக்கு மேலே நீட்டுவதுபோல அதை வானத்துக்கே நீட்டினால் என்ன? 600 மைல் உயரத்தில் செல்லும் ஒரு துணைக்கோளுக்கு ரேடாரின் துடிப்புகள் கேட்குமா? கேட்கும் என்று கணக்கு விடை சொல்லிற்று. புயல் ஓய்ந்து சாலை திறந்தபோது அந்தத் தாளில் ஒரு துணைக்கோளின் கரு உருவாகியிருந்தது.

லோரன்ஸன் இந்த யோசனையைப் பற்றிக்கொண்டு மேலிடங்களுக்கு எடுத்துச் சென்றார். வாகனத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டிய தேவையும் இல்லை. சோவியத் நாடு 1957 அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக்கை ஏவியபோது, 'செயற்கைச் சந்திரன்' என்று உலகமே வியந்து பேசிற்று. அமெரிக்கரின் போட்டித் திட்டமாகிய வான்கார்டு இந்த ஆராய்ச்சிசாலையில்தான் நடந்தது. 1957 டிசம்பரில் அதன் முதல் முயற்சி ஏவுமேடையிலேயே வெடித்து நகைப்புக்கு இடமாயிற்று. 1958 மார்ச்சில் வெற்றி வந்தது. பின்னர், புதிதாகத் தோன்றிய நாசா நிறுவனத்திற்கு அத்திட்டமும் அதில் உழைத்தவர்களுள் பலரும் மாறிச் சென்றனர். எஞ்சியவர்களைக் கொண்டு மார்ட்டின் வோட்டா என்பவர் புதிய குழு ஒன்றை அமைத்தார். வான்கார்டுக்காக வகுத்த 20 அங்குல உலோகக் கோளத்தின் வடிவம் அவர்கள் கையில் இருந்தது. அதுவே போதும் என்றார்கள்.

திட்டமிடும் கலையை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். பெரும் பொருட்செலவில் செய்யும் மாளிகைக்கு இடநெருக்கடி கிடையாது. சிறுகுடிலைக் கட்டுபவன்தான் ஒவ்வொரு சாணையும் அளந்து பார்ப்பான். ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அந்தக் கோளத்தின் மேற்பரப்பில் வட்டமான ஆறு இடங்களில் சூரிய மின்கலங்களைப் பதித்தார்கள். அவற்றின் மின்சாரத்தையே எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரேடார் அலையைக் கேட்பதற்குச் சிறு ஆன்டெனாக்கள் சுற்றிலும் அமைந்தன. சூரியனைப் பார்க்க மூன்று அளவிகள்: லைமன்-ஆல்ஃபா கதிருக்கு இரண்டு, எக்ஸ்-கதிருக்கு ஒன்று. எக்ஸ்-கதிர் அளவி 2 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையுள்ள அலைநீளத்தைக் கணிக்கும். எலெக்ட்ரான்களை விரட்டும் காந்தங்களும் இடம்பெற்றன.

எடையைக் குறைப்பதற்காக அவர்கள் செய்த மற்றொன்று, துணைக்கோளுக்கு நினைவாற்றலே வேண்டாம் என்று விட்டதாகும். கேட்டதையும் கண்டதையும் பதிந்துவைக்கும் கருவி அதில் இல்லை. ரேடாரின் துடிப்பு ஒன்று வந்து பட்டால், உடனே வேறோர் அலைவரிசையில் அதற்கு ஈடான துடிப்பைக் கீழே அனுப்பிவிடும். நேயர் ஒருவர் கேட்டதைக் கேட்டபடியே அடுத்த வீட்டாருக்கு உரக்கச் சொல்வதுபோல! சோவியத் எல்லைக்கு வெளியே, பல நாடுகளில் அமைத்த சிறு குடில்களில் அமர்ந்திருந்தவர்கள் அதைக் காந்த நாடாவில் பதிந்துகொள்வார்கள். சூரியனைப் பற்றிய அளவுகளும் இவ்வாறே, நிலையம் ஒன்றின் தலைக்குமேல் செல்லும் நேரத்தில் மட்டுமே வந்து சேரும். குறை பெரிதுதான். ஆனால் எளிமையும் பெரிது. பழுதாவதற்கு உள்ளே அதிகம் ஒன்றுமில்லை.

ஒட்டுக்கேட்பவரும் சூரியனை ஆராய்பவரும் ஒரே கோளத்தில் சேர்ந்தது எப்படி? சேர்க்கையால் இருவருக்கும் ஆதாயம் இருந்தது. துணைக்கோளை ஏவுவது ஊரறிந்த செயல். புகையும் நெருப்பும் வானத்தில் எழும்போது, மேலே சென்றது என்ன என்று செய்தியாளர் கேட்பர். சோவியத் நாடும் கேட்கும். அதற்கு ஒரு விடை வேண்டும். விடை பொய்யாக இருந்தால் ஒருநாள் அம்பலமாகும். உண்மையான விடையே சிறந்த திரை. 'சூரியனின் கதிர்வீச்சை ஆராய்கிறோம்' என்பது முற்றிலும் மெய், முழுமையும் அன்று. இவ்வாறு ஃபிரீட்மன் குழுவினருக்குப் பல மாதமாகத் தேடிய வாகனம் கிடைத்தது. லோரன்ஸன் குழுவினருக்கு வெளியே சொல்லத்தக்க ஒரு பெயர் கிடைத்தது. வெளியுலகுக்கு அது 'சோல்ராட்'; சூரியக் கதிர்வீச்சு என்பதன் சுருக்கம். உள்ளே வழங்கிய பெயர் 'கிராப்'. அதற்கும் விண்மீன் மண்டலக் கதிர்வீச்சும் பின்புலமும் என்று விரிவு கூறி வைத்தனர். ஆங்கிலத்தில் 'கிராப்' என்றால் பறித்துக்கொள்ளுதல் என்று பொருள்படும் என்பதைப் பெயரிட்டவர்கள் அறியாதவர்களா?

1959 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஜனாதிபதி ஐசனோவர் இத்திட்டத்திற்கு இசைவளித்தார். ஏவும் நாள் நெருங்கிய வேளையில் ஒரு பெரும் இடி விழுந்தது. 1960 மே 1-ஆம் நாள், சோவியத் வானத்தில் பறந்த யு-2 என்னும் அமெரிக்க உளவு விமானம் வீழ்த்தப்பட்டது. அது வானிலை ஆராயச் சென்ற விமானம் என்று அமெரிக்க அரசு முதலில் அறிவித்தது. ஆனால் விமானி உயிரோடு பிடிபட்டிருந்தார். விஞ்ஞானத்தின் பெயரால் சொன்ன பொய் உலகத்தின் முன்னே நாணி நின்றது. அம்மாத நடுவில் பாரிசில் கூடிய தலைவர்களின் மாநாடும் முறிந்தது.

யு-2 விழுந்த நான்காம் நாள், மே 5-ஆம் நாள், ஐசனோவர் சிறு துணைக்கோளை ஏவுவதற்கு ஒப்புதல் தந்தார் என்பது கவனிக்கத்தக்கது. விமானம் இனிச் செல்ல முடியாத வானத்தில் துணைக்கோள் செல்லலாம் என்ற எண்ணம் வலுத்திருக்க வேண்டும். ஆயினும் அவர் அச்சம் நீங்கியவர் அல்லர். ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கும் ஒவ்வொரு தடவையும் தம் இசைவைப் பெற வேண்டும் என்று கட்டளையிட்டார். ஒரு பேரரசின் தலைவர், 19 கிலோகிராம் எடையுள்ள ஒரு பந்தின் சாவியைத் தம் மடியில் முடிந்துவைத்திருந்தார் என்றால், அந்நாளின் பதற்றத்தை நாம் ஒருவாறு உணரலாம்.

1960 ஜூன் 22-ஆம் நாள் கேப் கனாவரல் தளத்திலிருந்து தோர்-ஏபிள்-ஸ்டார் ராக்கெட்டு எழுந்தது. அதன் முதன்மைப் பயணி, கப்பல்களுக்கு வழிகாட்டும் டிரான்சிட் 2ஏ என்னும் கடற்படைத் துணைக்கோள். எடை ஏறத்தாழ 101 கிலோகிராம். அண்ணன் தோளில் அமர்ந்த தம்பிபோல அதன் உச்சியில் நம் கோளம் அமர்ந்திருந்தது. ஒரே ராக்கெட்டு இரு துணைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது அதுவே முதன்முறை. தனக்கென ஒரு ராக்கெட்டு வாங்கும் வலிமை இல்லாத சிறு திட்டம், பிறருடைய பயணத்தில் எஞ்சிய இடத்தைக் கேட்டுப் பெறும் வழக்கம் அன்று தோன்றிற்று. ஏறத்தாழ 600 முதல் 1,050 கிலோமீட்டர் உயரத்தில் அவை பூமியைச் சுற்றி வந்தன.

விளைச்சலும் இரண்டாகப் பிரிந்தது. ஜூலை 5-ஆம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 22-ஆம் நாள் வரையில் ஒட்டுக்கேட்ட பதிவுகள், தூதர் கையில் நாடாக்களாக வாஷிங்டன் வந்தன. அங்கிருந்து உளவுத்துறைக்கும் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவுக்கும் சென்றன. பாய்ந்து வரும் ஏவுகணையைத் தடுக்க உதவும் ரேடார் ஒன்று சோவியத் நாட்டில் அதற்குள்ளேயே இயங்குகிறது என்பதை இத்திட்டத்தின் பதிவுகள் காட்டின. இவையெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போயின.

சூரியனைப் பற்றிய விளைச்சலோ வெளிச்சத்தில் வந்தது. லைமன்-ஆல்ஃபா கதிர், சுடர் எழும் வேளையிலும் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. எக்ஸ்-கதிரோ பன்மடங்கு பெருகிற்று. அது ஓர் அளவைக் கடக்கும்போதெல்லாம் பூமியில் சிற்றலைகள் மயங்கின. வழக்கு முடிந்தது. வானொலியை விழுங்குவது எக்ஸ்-கதிரே என்று, சுற்றுப்பாதையிலிருந்து கிடைத்த சாட்சியத்தால் தீர்ப்பாயிற்று. கிரெப்ளின், சப், ஃபிரீட்மன் ஆகிய மூவரும் 1962-ஆம் ஆண்டில் இம்முடிவுகளை விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். உலகில் எவரும் அவற்றை வாங்கிப் படிக்கலாம். மாஸ்கோவில் இருந்தவரும் படிக்கலாம். உளவின் திரையாகச் சென்ற சோதனை, உலகப் பொதுச் சொத்தாகிய ஓர் அறிவைக் கொண்டுவந்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

பின்வந்த முயற்சிகள் எல்லாம் இனிதாக முடியவில்லை. 1960 நவம்பர் 30-ஆம் நாள் ஏவிய ராக்கெட்டு நடுவழியில் அணைந்து அழிக்கப்பட்டது; அதன் சிதறல்கள் கியூபா நாட்டில் விழுந்தன. அவற்றால் ஒரு பசு இறந்ததாகச் செய்தி பரவிற்று. கியூபா கண்டனம் தெரிவித்தது. 1961 ஜூன் 29-ஆம் நாள் இரண்டாவது வெற்றி. அப்போது வான் ஆலனின் 'இஞ்சன்' என்னும் ஆராய்ச்சிக் கோளும் உடன் சென்றது. பிரியவேண்டிய இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே சுழன்றன. ஒன்று பேசும்போது மற்றொன்று வாய்மூடி இருக்கவேண்டிய நிலை. உடன்பயணம் மலிவானது, ஆனால் உடன்பயணியின் துன்பமும் நமக்குப் பங்காகும் என்பதை அன்று கற்றனர். ஆகமொத்தம் 1962 வரை ஐந்து முயற்சிகள்; வெற்றி பெற்றவை இரண்டே.

1998-ஆம் ஆண்டில், ஆராய்ச்சிசாலையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவின்போதுதான், கிராப் என்னும் பெயரும் அதன் மறைபணியும் வெளியாயின. 38 ஆண்டுகள் அந்தத் திரை கிழியாமல் இருந்தது. கிழியாததற்குக் காரணம், திரையும் நல்ல நூலால் நெய்யப்பட்டிருந்ததே. யு-2 விமானத்தின் வானிலை ஆராய்ச்சி, விமானியின் வாக்குமூலத்தோடு மறைந்தது. சோல்ராடின் சூரிய ஆராய்ச்சி இன்றும் மெய்யாகவே நிற்கிறது.

எனினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விஞ்ஞானத்தின் நற்பெயரைத் திரையாக இரவல் வாங்குவது நேர்மையா? ஒருமுறை வாங்கினால், அதன்பின் உண்மையாகவே சூரியனைப் பார்க்கச் செல்லும் கருவியையும் உலகம் ஐயத்தோடு நோக்காதா? ஆராய்ச்சிக் கப்பல் என்று சொல்லிக்கொண்டு வருவதை எல்லாம் உளவுக் கப்பல் என்று துறைமுகங்கள் ஐயுறும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அந்த ஐயத்தின் சுமையைப் பெரும்பாலும் தாங்குபவன் குற்றமற்ற ஆராய்ச்சியாளனே. மற்றொரு பக்கத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. அந்தப் படைத்துறைக் கோளம் இல்லாவிடில் சூரியனின் எக்ஸ்-கதிரைத் தொடர்ந்து அளக்கும் வாய்ப்பு 1960-இல் கிடைத்திராது. விலை கொடுத்துத்தான் இடம் வாங்கினார்கள்.

கொடுக்கவேண்டிய விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை இன்னொரு துணைக்கோளின் முடிவு காட்டுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 1965-ஆம் ஆண்டு முதல், வாகனம் இல்லாத சோதனைகளுக்கு விண்வெளியில் இடம் தேடித் தரும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. சோதனைகளை ஒரு குழு ஆராய்ந்து வரிசைப்படுத்தும். அதன்பின் அவற்றை எந்தக் கோளில், எந்தப் பாதையில், எவற்றோடு சேர்த்து அனுப்பலாம் என்று திட்டமிடுவார்கள். ஒரு கருவி சூரியனையே பார்த்திருக்க வேண்டும் என்னும். மற்றொன்று சுழன்றுகொண்டே நாற்றிசையும் பார்க்க வேண்டும் என்னும். 1979 பிப்ரவரி 24-ஆம் நாள் ஏவிய பி78-1 என்னும் கோளில் இவ்விரண்டையும் நிறைவேற்றினர். சுழலும் சக்கரம் ஒன்று, சூரியனை நோக்கியே நிற்கும் பாய் ஒன்று என இரு பகுதியாக அதை அமைத்திருந்தார்கள். நாசாவின் பழைய சூரிய ஆய்வுக்கோளின் அமைப்பையே அதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதில் சென்ற 'சோல்விண்டு' என்னும் கருவியும் அதே கடற்படை ஆராய்ச்சிசாலையின் படைப்பே. சூரியவட்டத்தை மறைத்து, அதைச் சூழ்ந்த ஒளிமகுடத்தை மட்டும் காண்பது அது. 1979 ஆகஸ்டு இறுதியில், சூரியனை நோக்கிப் பாய்ந்து மீளாமற்போன ஒரு வால்மீனை அதன் படங்கள் காட்டின. விண்கலம் ஒன்று கண்டுபிடித்த முதல் வால்மீன் அதுவே. அவ்வாண்டு நவம்பரில், சூரியன் வீசியெறிந்த பெரும் வாயுத்திரள் ஒன்று பூமியை நோக்கியே வருவதை ஒளிவட்டமாகக் கண்டு காட்டிற்று. வால்மீன்கள் மேலும் பல அதன் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கோளுக்கு மூப்பு வந்தது. ஆயினும் சோல்விண்டு ஓயவில்லை. அந்நிலையில், துணைக்கோளைத் தாக்கும் ஏவுகணையைச் சோதிக்க விமானப்படைக்கு ஓர் இலக்கு வேண்டியிருந்தது. 1985 செப்டம்பர் 13-ஆம் நாள், எஃப்-15 விமானத்திலிருந்து புறப்பட்ட ஏவுகணை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பி78-1 கோளை மோதிச் சிதறடித்தது. பட்டியலிட்ட சிதறல்களே 285. அவற்றுள் கடைசித் துண்டு வானத்திலிருந்து நீங்க 2004-ஆம் ஆண்டு ஆயிற்று. சூரிய ஆராய்ச்சியாளர்கள் வருந்தினார்கள். ஆனால் வாகனம் அவர்களுடையது அன்று. உடையவன் வைத்தால் விளக்கு, அணைத்தால் இருள்.

இவ்விரு கோள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். 1960-இல் படைத்துறைக்கு விஞ்ஞானம் தேவைப்பட்டது. அதனால் விஞ்ஞானம் பாதுகாக்கப்பட்டது. 1985-இல் படைத்துறைக்கு ஓர் இலக்கு தேவைப்பட்டது. அதனால் விஞ்ஞானம் பலியாயிற்று. இரு காலத்திலும் விஞ்ஞானத்தின் தகுதியைக் கொண்டு முடிவு செய்யவில்லை. உடையவரின் தேவையைக் கொண்டே முடிவு செய்தார்கள். ஆகவே பிறருடைய கலத்தில் சோதனையை ஏற்ற நினைப்பவர், எடையையும் மின்சாரத்தையும் அளப்பதோடு நின்றுவிடக்கூடாது. கிடைக்கும் உண்மையை வெளியிடும் உரிமை யாருக்கு? கருவியின் ஆயுள் முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இவ்விரண்டு வினாக்களையும் ராக்கெட்டு எழுவதற்கு முன்பே கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிவைப்பதும் திட்டமிடுதலின் ஒரு பகுதியே ஆகும்.

சோல்ராடின் சந்ததி பின்னும் தழைத்தது. சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ வீரர்களுக்குச் சூரியனின் சீற்றத்தைப் பற்றி எச்சரிக்க அவ்வரிசைக் கோள்கள் உதவின. இன்று சூரியச் சுடர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரித்துச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன அல்லவா? அத்தரம் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையுள்ள எக்ஸ்-கதிரை அளந்து சொல்வது. ஃபிரீட்மன் குழுவினர் அன்று அந்தச் சிறு கோளத்தில் வைத்து அனுப்பிய அளவியின் நேர்வழித் தோன்றல். ஒட்டுக்கேட்ட ரேடார்கள் துருப்பிடித்தன. அவற்றை நிறுத்திய சோவியத் அரசும் 1991-இல் மறைந்தது. சூரியனைக் கேட்டுப் பெற்ற விடை மட்டும் இன்றும் நாள்தோறும் பயன்பட்டு வருகிறது. திரையாக ஏறிய பயணியே நெடுந்தூரம் சென்றது.